சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டிய வீடு

ஆரிஃபின் ஆம்னி வேன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது காலை வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓட்டுகிற தெரு அது. இரண்டு பக்கமும் விசைத்தறி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்ததால் பேசுவதென்றால் காதோரம் வாய் வைத்துத்தான் பேச வேண்டும். கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் அந்தச் சத்தம், யாரோ கதவைச் சாத்தியது போல, அடங்கிப்போனது. கனமான சுவர், அதனால்தான் என்று அழகிரிசாமி விளக்கம் சொன்னார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கும். கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே வெட்டவெளியாக ஒரு முற்றமே கிடந்ததை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. பெரிய மனுஷர், எதற்கு வம்பு.

அழகிரிசாமி கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு ஊர் வரலாற்றுக் கழகம் ஆரம்பித்தவர். கருக்கம்பாளையம் ஊர் வரலாற்றுக் கழகம் என்று பேர்தான் பெத்த பேர். ஆட்களைக் கூட்டினால் ஆரிஃபின் வேனே தாங்கும். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, மாதா மாதம் ஏதாவது ஒன்று நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள். புதர் மண்டிக் கிடந்த வீரக்கல்லைத் தேங்காய் நார் போட்டுக் கழுவினார்கள். கல்யாண மண்டபத்தில் பழைய போட்டோக் கண்காட்சி வைத்தார்கள். ஒரே போட்டோவில் நிற்பது யாருடைய தாத்தா என்று இரண்டு குடும்பங்கள் அங்கேயே மல்லுக்கட்டிக்கொண்டன. இப்போது நடப்பது ‘இடிக்கிற வீடு’. ஊரில் எந்தப் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலும், அதற்கு முன்னால் இவர்கள் போய்ப் படம் பிடித்து, அளந்து, வீட்டுக்காரர்கள் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வருவார்கள்.

பதிவில் அழகிரிசாமிக்கு ஒரு பிடிவாதம். வாசலில் ‘வாங்க’ என்பதில் இருந்து கிளம்பும்போது ‘வாரமுங்க’ என்பது வரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வருகிறவரை எப்படிக் கூப்பிட்டோம், போகிறவரை எப்படி அனுப்பினோம் என்பதும் வரலாறுதான் என்பார். அதுவும் வாஸ்தவம்தான். நம்ம பக்கத்து ஆள் ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லித்தான் தள்ளுவான்.

வேனில் இருந்து கடைசியாக இறங்கியவள் ஜெயக்கொடி. அவளாக இறங்கவில்லை, மகள் நந்திதா கையைப் பிடித்து இறக்கினாள். ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் சுரேந்தர் தறிச் சாமான் வாங்கப் பல்லடம் போன வழியில் லாரியில் அடிபட்டுச் செத்துப் பத்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ஜெயக்கொடி அழவே இல்லை. துக்கத்துக்கு வந்த பொம்பளைகள் இப்போது அழுவாள், பிறகு அழுவாள் என்று பார்த்து அலுத்துப்போய், அழுத்தக்காரி என்று பேர் வைத்துவிட்டுப் போனார்கள். அழுத்தமும் இல்லை, மண்ணும் இல்லை. காப்பி சூடாக இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. நாக்கு வெந்து தோல் உரிந்ததை நந்திதா பார்த்துச் சொன்னால்தான் ஓகோ என்பாள். உடம்பு பழகிய வேலைகளைத் தன்பாட்டுக்குச் செய்தது. வாசல் தெளித்தது, சோறு வடித்தது, வந்தவர்களை வாங்க என்றது.

நந்திதா மட்டும் அவளை விடவில்லை. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளை, சனிக்கிழமை ஆனால் சிங்காநல்லூரில் பஸ் ஏறி வந்துவிடும். அம்மாவுக்குத் தலை சீவி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டச் சொல்லி, நாலு வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் பேசினால் சரியாகிவிடும் என்று கழகத்தில் பேர் கொடுத்ததும் அதுதான். உலகத்தில் ஜெயக்கொடிக்கு மிச்சம் இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அது அவளுக்குத் தெரியும். தெரியும், அவ்வளவுதான், நெஞ்சில் உறைக்கவில்லை.

அந்தப் பழைய வீட்டுக்குச் சொந்தக்காரப் பையன் கனடாவில் இருந்தான். அடுத்த மாதம் வீட்டை இடித்துவிட்டுக் குடோன் கட்டப் போகிறார்கள் என்று சொல்லிப் புரோக்கர் மூலமாகச் சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தான். அங்கே யாரும் குடியில்லை என்பது அழகிரிசாமிக்குத் தெரியும். மற்றவர்களிடம் சொல்ல மறந்துவிட்டார். பேட்டி எடுக்க ஆள் இல்லாவிட்டாலும் பழக்க தோஷத்தில் மெஷினை ஓடவிட்டு ஜன்னலில் வைத்தார்.

ஆசாரம் என்கிற அந்தப் பெரிய முன்கூடத்தில் தூசி கணுக்கால் வரைக்கும் இருந்தது. சுவரில் இருந்து சுண்ணாம்புக் காரை பெயர்ந்து பெயர்ந்து விழுந்திருந்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கே உரிய வாடை, எலிப் புழுக்கையும் ஈரச் சுவரும் கலந்த வாடை. நந்திதா டேப்பைப் பிடித்து அளந்தாள். ஆரிஃப் படம் எடுத்தான். அழகிரிசாமிக்கு ஏதோ போன் வந்து, பேசிக்கொண்டே கேட்டுக்குப் போய்விட்டார். ஜெயக்கொடி தூணோரம் நின்றிருந்தாள்.

அந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாசம் வந்தது.

அரிசிம்பருப்புச் சோறு. பூண்டு தட்டிப் போட்டு, சுடச்சுட மேலே நெய் ஊற்றியது.

சுரேந்தர் செத்ததில் இருந்து ஜெயக்கொடிக்கு எந்த வாசமும் தெரிந்ததில்லை. இது தெரிந்தது. பின்னாலேயே, உள்ளே சமையற்கட்டில் சட்டி மேல் மூடியை வைக்கிற சத்தம் கேட்டது. காவலுக்கு யாராவது இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கிளம்புகிற நேரம் வந்தது. ஆரிஃப் ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். ஜெயக்கொடியின் மனசு எங்கே இருந்ததோ, வாய் மட்டும் மரியாதையை மறக்கவில்லை.

“உள்ள யாரோ வேலையா இருக்கறாங்க கண்ணு. நம்ம எல்லாருக்குஞ் சேத்து நீயே ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வா.”

நந்திதா நடையைத் தாண்டிப் போய்ச் சமையற்கட்டு வாசலில் நின்றாள். எல்லாருக்கும் சேர்த்து, வருகிறோம் என்கிற அர்த்தத்தில், ‘வாரமுங்க’ என்று சொல்ல வேண்டியது. பட்டணத்தில் படிக்கிற பிள்ளை, அந்த வித்தியாசமெல்லாம் அதற்கு எங்கே தெரியும்.

“வாரேனுங்க” என்றாள்.

தனக்கு மட்டும் சொல்லிக்கொண்டாள்.

வேனில் ஏறிய பிறகு, உள்ளே இருந்தது யாரென்று ஜெயக்கொடி கேட்டாள். ஓர் அம்மா அடுப்படியில் நின்றிருந்ததாகவும் முதுகு மட்டும்தான் தெரிந்ததாகவும் நந்திதா சொன்னாள். முன்சீட்டில் இருந்த அழகிரிசாமி திரும்பிப் பார்த்தார். பிறகு, புரோக்கர் அனுப்பிய கூட்டுகிறவளாக இருக்கும் என்று தானே ஒரு விளக்கத்தையும் சொல்லிக்கொண்டார். கணுக்கால் வரை தூசி கிடக்கிற வீட்டில் அந்தக் கூட்டுகிறவள் என்னத்தைக் கூட்டினாளோ.

திங்கட்கிழமை காலேஜுக்கு என்று கிளம்பிய நந்திதா மதியம் கழித்து வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஜெயக்கொடி தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிட்டாகிவிட்டது என்றாள் மகள். எங்கே என்று கேட்டதற்கு, ஒன்றும் அறியாதவளைப் பார்ப்பது போல அம்மாவைப் பார்த்தாள்.

“வாரேன்னு சொல்லிப்போட்டு வந்தனில்லங்கம்மா. போகாம இருந்தா நல்லாருக்குமா?”

அவள் வலது கையில் நெய்ச்சோற்று வாசம் அடித்தது. இன்னொரு தாயாக இருந்தால் துள்ளி எழுந்திருப்பாள். ஜெயக்கொடி தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமையும் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். வயிறார உண்டுவிட்டு வருகிற பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. நகக்கண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. பல்லிடுக்கிலும் அதே வெள்ளை. ஜெயக்கொடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். இது சரியில்லை என்று எங்கோ தூரத்தில் யாரோ சொல்வது போல இருந்தது. எழுந்து போய்க் கேட்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் அழகிரிசாமி ஆரிஃபைக் கூட்டிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. அன்றைக்கு விளக்கம் ஒன்றும் கொண்டுவரவில்லை, மெஷினைத்தான் கொண்டுவந்திருந்தார். நந்திதா எங்கே என்று கேட்டார். அங்கே போயிருக்கிறாள் என்றாள் ஜெயக்கொடி. அவர் உட்காராமலேயே மெஷினைத் தட்டிவிட்டார்.

அளக்கிற டேப்பை இழுக்கிற சத்தம். ஆரிஃப் இருமுவது. ஜெயக்கொடியின் குரல், ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வா என்பது. நந்திதாவின் குரல் தூரத்தில், வாரேனுங்க.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு மெஷினுக்கு மிகப் பக்கத்தில், வாயை வைத்துப் பேசியது போல ஒரு பொம்பளைக் குரல்.

“செரி கண்ணு, வா. சோறாக்கி வெக்கறேன்.”

மெஷின் இருந்தது ஆசாரத்து ஜன்னலில்.

மூன்று பேரும் வேனில் போய் இறங்கினார்கள். கதவில் பூட்டு தொங்கியது. சாவி அழகிரிசாமியின் சட்டைப் பையில் இருந்தது. திறந்து உள்ளே போனார்கள். ஆசாரத்தைத் தாண்டி, நடைத் தூசியில் நந்திதாவின் காலடி போனதும் வந்ததுமாக ஒரு தடமே விழுந்திருந்தது. அங்கே வேறு யாருடைய காலடியும் இல்லை.

சமையற்கட்டில் நந்திதா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் காய்ந்து சுருண்ட வாழையிலை. இலையில் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையும் தரை மண்ணும் குவிந்து கிடந்தது. அதைப் பிசைந்து, உருட்டி, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விருந்தில் உட்கார்ந்த பிள்ளை எப்படிச் சாப்பிடுமோ அப்படி.

“போதுங்க” என்று இலைக்கு மேலே கையை மறித்தாள். “போதுங்க, போதுங்க.”

மறித்த கையின் மேல் ஒரு பிடி காரை விழுந்தது. மேலே கூரை ஓடுதான் இருந்தது.

ஆரிஃப் அல்லாவை அழைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். ஜெயக்கொடி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் வாய்க்குள் விரலை விட்டு மண்ணை வழித்து வழித்து வெளியே எடுத்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் கண்டதை எல்லாம்விட அந்த முகத்தைப் பார்த்துத்தான் பயந்துபோனேன் என்று ஆரிஃப் பிற்பாடு சொல்லியிருக்கிறான்.

எழுப்பினால் நந்திதா எழுந்தாள். வாசலைத் தாண்டத்தான் மாட்டேன் என்றாள். சோறு போட்டவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படி வருவது என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் அப்படிச் சொல்லிக்கொண்டு, சொன்ன சொல்லுக்காக மறுநாள் போய்க்கொண்டிருந்திருக்கிறாள் என்பது ஜெயக்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. மகளின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கைக்குள் அந்த உதடு அசைந்தது. வாரேனுங்க. சொன்னதும் நந்திதாவின் கண் சிரித்தது. யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பல்லடத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தம் குறைந்தால் பிள்ளைகள் மண் தின்பது உண்டு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் அவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது மட்டும் முகம் மாறியது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் குடல் அடைத்துக்கொள்ளும், அப்புறம் என் கையில் இல்லை என்றார். வீட்டில் வைத்துப் பூட்டினார்கள். உச்சிப் பொழுது ஆனதும், பூட்டிய அறைக்குள் பாயில் படுத்திருந்த பிள்ளையின் வாயில் காரை இருந்தது.

ஜெயக்கொடி மட்டும் கிளம்பி அந்தத் தெருவுக்குப் போனாள். வீட்டுக்கு எதிரே கிருபா என்பவளின் தையல் கடை இருந்தது. கிருபா முதலில் ஒன்றும் தெரியாது என்றாள். பிள்ளை மண் தின்கிறது என்று ஜெயக்கொடி சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கார அம்மா பேர் ராமாமணி. வீட்டுக்காரர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட, தனியாக இருந்தவர். வாசலில் யார் நின்றாலும், மீட்டர் பார்க்க வந்த ஆளானாலும், சாப்பிடாமல் போக விட மாட்டார். கொரோனாவில் ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தே சுற்றிக் கட்டி எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள். மகன் போனில் பார்த்தான். வீட்டு முன்னால் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

“ஒரு சனம் எழவு கேக்க வரலீங்க. தெருவே கதவச் சாத்திக்கிச்சு” என்றாள் கிருபா. தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, “நானுந்தாங்க” என்றாள்.

ஜெயக்கொடி அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுரேந்தருக்கு ஊரே திரண்டு வந்தது. வந்தவர்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. போனவர்கள் யாரும் வாரேன் என்று சொல்லவில்லை. எழவு வீட்டில் அப்படித்தான். வருகிறேன் என்று சொன்னால் மறுபடியும் ஒரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். வந்து உட்கார்ந்து, முகத்தைக் காட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போக வேண்டியது. அப்படி நூறு பேர் பேசாமல் எழுந்து போனதைப் பார்த்தால்தான் செத்தவரும் தான் செத்துப்போனதை நம்புவார் போல. இந்த அம்மாவுக்கு யாரும் வரவில்லை. யாரும் போகவும் இல்லை. இவர் இன்னும் சோறாக்கி வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

அழகிரிசாமியிடம் அவள் சொன்னது ஒரே வரிதான்.

“எழவு கேக்கப் போலாமுங்க சார்.”

மறுநாள் முற்பகலில் போனார்கள். கழகத்தின் கூட்டங்களில் அறிவிப்பு இல்லாமல், போட்டோ இல்லாமல் நடந்தது அது ஒன்றுதான். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வேனிலேயே பேசிக்கொண்டார்கள். அழகிரிசாமிக்கு அதுதான் பெரும்பாடு. ஆட்டுக்குட்டியைக் கண்டாலும் வாங்க என்கிற மனுஷர், துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினார். கிருபாவும் கடையைச் சாத்திவிட்டு வந்தாள். நந்திதாவை ஜெயக்கொடியும் ஆரிஃபும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆசாரத்தில் தூசியிலேயே உட்கார்ந்தார்கள். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நெய் வாசம் தொண்டையில் போய் அடைத்தது.

சத்தம் நின்றது.

நடையில் யாரோ நடந்து வருவது கேட்டது. நிலையருகே வந்து நின்றது.

யாரும் தலை நிமிரவில்லை. வாங்க என்று குரல் வரவில்லை. வரக் கூடாது, அதுதான் முறை.

நேரம் போனது. கிருபாவின் கண்ணில் இருந்து நீர் கோடாக இறங்கியது. ஜெயக்கொடியும் அழப் பார்த்தாள். அந்த அம்மாவுக்காக அழுகை வரவில்லை என்றால் சுரேந்தரை நினைத்தாவது வரட்டும் என்று பார்த்தாள். காய்ந்த கிணற்றில் வாளி விட்டது போலத்தான் இருந்தது. தன் பக்கத்தில் தூசி அமுங்குவதை மட்டும் பார்த்தாள். ஓர் ஆள் உட்காருகிற அகலத்துக்கு அமுங்கியது.

துக்க வீட்டில் பொம்பளைகள் நீட்டுவது போல அவள் கையை நீட்டினாள்.

ஏதோ வந்து பிடித்தது.

சூடா குளிரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்து மாதமாக ஒன்றும் தெரியாத கை. விடுவித்துக்கொள்ளவும் இல்லை. புருஷன் செத்த அன்று யார் யாரோ வந்து இந்தக் கையைப் பிடித்தார்கள். அப்போது வெறுமனே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இப்போது முதல் தடவையாகத் திருப்பிப் பிடித்தாள்.

பிடி தளர்ந்தது. நெய் வாசம் போனது. தெருவில் ஓடுகிற தறி அத்தனையும் ஒரே நேரத்தில் தடதடவென்று வீட்டுக்குள் வந்து விழுந்தது.

“பசிக்குதுங்கம்மா” என்றாள் நந்திதா.

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜெயக்கொடிக்கு நெஞ்சுக்குழியில் சுருக்கென்றது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். தூசியைத் தட்டிக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரிஃப் கதவைப் பூட்டி, கேட்டையும் பூட்டினான். கிருபா சொல்லிக்கொள்ளாமலேயே தெருவைத் தாண்டித் தன் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

வேனில் நந்திதாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரிஃப் ஓட்டுகிற சீட்டில் ஏறினான். அழகிரிசாமி கடைசியாக முன்கதவைத் திறந்தார். வாயில் கடித்திருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த நாக்கு. கேட்டைப் பார்த்தார். வாயெல்லாம் சிரிப்பாக, எத்தனையோ ஆயிரம் தடவை எத்தனையோ பேரிடம் சொன்னது போலவே சொன்னார்.

“ஏனுங்க அம்மணி, வெயில்ல நின்னுட்டிருக்கறீங்க? நடந்தா போகப் போறீங்க? வாங்க, வண்டில எடமிருக்குது.”

ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள்.

பூட்டிய கேட். அதன் மேல் வெயில். யாரும் இல்லை.

“ஏறுங்க, ஏறுங்க. அக்கம்பக்கத்துக்காரங்க நம்மள விட்டா ஆரு கொண்டுபோயி உடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே அழகிரிசாமி முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

வேன் ஒரு பக்கமாக அமுங்கி எழுந்தது.

ஜெயக்கொடி நகர்ந்து இடம் விட்டாள். யோசித்து விடவில்லை. வருகிறவருக்கு நகர்ந்து உட்காருவது அவள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். நகர்ந்த பிறகுதான் பக்கத்துச் சீட்டின் ரெக்சின் மெல்ல உள்வாங்குவதைக் கண்டாள்.

பயம் வந்தது. பத்து மாதமாக மரத்துக் கிடந்த உடம்பில், உள்ளங்காலில் ஆரம்பித்து உச்சந்தலை வரைக்கும் பயம் ஏறியது. கை கால் எல்லாம் உயிர் வந்து வலித்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எறங்குங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். வாங்க என்று கூப்பிட்டு ஏற்றிய ஓர் ஆளைப் பார்த்து, முகத்துக்கு நேராக, எறங்குங்க என்று அவள் தன் ஆயுசில் சொன்னதில்லை. அவளைப் பெற்றவர்களும் சொன்னதில்லை. அந்த வார்த்தை அவளுக்கு வரவே இல்லை.

ஆரிஃப் கண்ணாடியில் நந்திதாவைப் பார்த்து, பசிக்கிறது என்றாயே, போகிற வழியில் மெஸ்ஸில் நிறுத்தட்டுமா என்று கேட்டான்.

நந்திதா அம்மாவைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

“கடையில வேண்டாங்கண்ணா. நம்மூட்டுக்கே போயிரலாம். அவிய வந்து ஆக்கிப் போடறனுங்கறாங்க.”

சரி என்று ஆரிஃப் வண்டியை எடுத்தான்.